கருவாயன் தாண்டாத கோடு

கருவாயன் துரோகி என்று சென்னியப்பன் முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனவர் கண்ணில் அது பட்டது. பக்கத்து வீட்டுப் பின்வாசலில், அந்த வீட்டுத் தட்டில், அந்த வீட்டுக் கோழிக்குழம்புச் சோற்றை அவர் வளர்த்த நாய் தின்றுகொண்டிருந்தது. தின்றதோடு விட்டதா? வாலை வேறு ஆட்டியது.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அவர் கண்டுகொண்டிருக்க மாட்டார். அது தம்பி பூபதியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பல வருடங்களுக்கு முன்னால் முனியப்பன் கோயில் கெடா விருந்தில் முதல் இலையை அண்ணனுக்குப் போடாமல் தம்பிக்குப் போட்டுவிட்டார்கள். போட்டவன் பந்தி பரிமாற வந்த எவனோ. தம்பி எழுந்து தள்ளி உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை. அண்ணன் சிரித்துவிட்டு அடுத்த இலையில் சாப்பிட்டிருக்கலாம், சாப்பிடவில்லை. அன்றிலிருந்து ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. பல்லடம் பக்கத்தில் கை நனைக்காமல் இருப்பது லேசுப்பட்ட விஷயம் அல்ல. ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டால்கூடப் பகை முறிந்தது என்று ஊர் பேசிவிடும். ஆகையால் இழவுக்குப் போனாலும் வாசலோடு நின்று திரும்பிவிடுவார்கள்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் அக்காளும் தங்கையும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். சென்னியப்பனின் மனைவி சுகந்திக்கு உடன்பிறந்த தங்கைதான் பூபதியின் மனைவி ஜெயந்தி. இலை போட்ட தகராறில் இவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. இருந்தும் அன்று வீடு திரும்பியதும் சென்னியப்பன் சொன்ன முதல் வார்த்தை, "இனி அந்த ஊட்டு ஆளுங்ககூட உனக்கு என்ன பேச்சு?" என்பதுதான். அதற்குப் பிறகு சுகந்தி தங்கையோடு பேசவில்லை. இடையில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் ஜெயந்தி இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குவாள்.

நாய்க்கு மட்டும் இந்த விவரமெல்லாம் யாரும் சொல்லி வைக்கவில்லை. சுவரோரம் வாய்க்கால் தண்ணீர் போகும் சந்து வழியாக அது தினமும் போய் வந்துகொண்டிருந்தது. ஜெயந்தி சோறு போடுவது சுகந்திக்குத் தெரியும். கருவாயன் திரும்பி வந்ததும் அதன் மோவாயைத் தடவி, இன்றைக்கு அங்கே மீன், இன்றைக்கு அங்கே வெறும் ரசம் என்று முகர்ந்து தெரிந்துகொள்வாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தங்கை வீட்டுச் சேதி.

"நாயி கை நனைச்சுட்டு வருது, அவன் கெக்கலி கொட்டிச் சிரிக்கறான்," என்று சென்னியப்பன் இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் உணர்வேலிக்குச் சொல்லிவிட்டார்.

அந்த வேலி அப்போது ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு இருந்தது மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டை. நாய் எல்லையைத் தாண்டினால் சுரீரென்று அடிக்கும். கொடுமை என்று வழக்குப் போட்டு அதைத் தடை செய்துவிட்டார்கள். இது புதுசு. கம்பி இல்லை, அடி இல்லை. தோட்டத்தின் நான்கு மூலையிலும் முழங்கால் உயரத்துக்கு நான்கு குச்சிகள், நாய்க்கு ஒரு பட்டை, மனிதருக்குக் கையில் போட ஒரு காப்பு. கம்பெனியிலிருந்து குச்சி நட வந்தது நர்மதா என்கிற பெண். படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த புதிது போல, வாய் ஓயாமல் விளக்கம் சொன்னாள். சென்னியப்பன் அதில் பாதியைக்கூடக் காதில் வாங்கவில்லை. தம்பி எட்டிப் பார்த்தால் அந்தக் குச்சி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதிலேயே அவர் குறியாக இருந்தார். காபி கொண்டுவந்த சுகந்திதான் நின்று கேட்டாள்.

"சும்மா நடந்தாப் போதுமுங்கக்கா," என்றாள் நர்மதா. "காப்பை மாட்டிட்டு, வாசப்படில ஆரம்பிச்சு, சுவத்த ஒட்டியே ஒரு சுத்துச் சுத்தி, மறுபடி வாசப்படில வந்து முடிக்கோணும். எந்த எடத்துல உங்க ஒடம்பு, 'இதுக்கு மேல வேண்டாம்'னு சுருங்குதோ, அதைக் காப்பு புடிச்சுக்கும். அப்பறம் நாயி அந்த எடத்துக்கு வந்தா, அதே சுருக்கம் அதோட ஒடம்புல வரும். வலி இல்லீங்க. உங்க 'வேண்டாம்' அதோட 'வேண்டாம்' ஆயிரும், அவ்வளவுதான்."

"மனசுல நெனைக்கறதயெல்லாம் எடுத்துக்குமா கண்ணு?"

"நெனப்பை எடுக்காதுங்கக்கா. நெனப்புல ஆரு வேணா பொய் சொல்லலாமே. ஒடம்பு சொல்றதத்தான் எடுக்கும்." நர்மதா குரலைத் தாழ்த்தினாள். "இப்பெல்லாம் பொண்ணு பாக்கப் போற எடத்துல இந்தக் காப்பைக் குடுங்கன்னு கேக்கறாங்க. மாப்பிள்ளை பக்கத்துல பொண்ண ஒரு நடை நடக்க உட்டுப் பாக்கறாங்களாமா. நாங்க குடுக்கறதில்லீங்க. நாய்க்கு மட்டுந்தான்." பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பி, "சார், நீங்களேதான் நடக்கோணும். ஊட்டுக்கு ஓனர் ஆரோ, நாயி ஆரு பேச்சைக் கேக்குதோ, அவங்கதான். சாயங்காலம் வெயில் தாழ நடந்துட்டு எனக்கு ஒரு போன் போட்டுருங்க," என்றாள்.

"நடந்தறலாம் அம்மிணி," என்றார் அவர்.

சாயங்காலம் வெயிலும் தாழ்ந்தது. பூபதி சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். சென்னியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவன் மொகரைல முழிச்சுட்டு நான் அந்தச் சுவத்தோரம் வலம் வரோணுமா? கோயிலா கட்டி வெச்சிருக்கறான்? இந்தா, நீ மாட்டிட்டு நட."

"என்னைய நடக்கச் சொல்லலீங்களே அந்தப் புள்ள."

"நடங்கறன். சோறு போடறவ நீதான? நாயி உம் பேச்சைக் கேக்கும்."

சுகந்தி காப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வாசற்படியை விட்டு இறங்கியதும் இடுப்பு நிமிர்ந்தது. சாலையோர கேட்டருகே போகும்போது ஒரு லாரி அலறிக்கொண்டு போனது. உடம்பு கொஞ்சம் குறுகியது. காப்பு மெல்ல அதிர்ந்து அடங்கியது. தங்கை வீட்டுச் சுவரோரம் வந்தாள். அந்தப் பக்கம் ஜெயந்தி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். தேங்காயும் பச்சைமிளகாயும் அரைபடும் வாசம் வந்தது. சட்னியில் இவள் எப்போதும் பூண்டு சேர்க்க மறந்துவிடுவாளே என்று நினைத்துக்கொண்டே சுகந்தி நடந்தாள். காப்பு சும்மா கிடந்தது. கொய்யா மரத்தைத் தாண்டி, துணி காயும் கயிற்றைத் தாண்டி, மறுபடி வாசலுக்கு வந்தாள். படிக்கு நேரே நாற்காலியில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை நேரமா? தேரா இழுத்துட்டு வந்தே?"

அவள் படியில் கால் வைத்தாள். காப்பு மணிக்கட்டில் வெடவெடவென்று அதிர்ந்தது.

அவர் போனை எடுத்து, "ஆமாம் அம்மிணி, நானேதான் நடந்தேன். எல்லாஞ் சரியா வந்துருச்சு," என்றார்.

மறுநாள் விடிந்ததும் கருவாயன் வழக்கம்போல் சந்து வழியாகத் தங்கை வீட்டுக்குப் போனது, தின்றது, திரும்பி வந்தது. கொய்யா மரம் வரை சாதாரணமாக வந்தது. வாசற்படிக்கு முன்னால் வந்ததும் நின்றது. காது மடங்கியது. பின்னங்கால் நடுங்கியது. படிக்கு மேல் சுகந்தி கையில் பிஸ்கட்டோடு நின்றாள். நாய் அவளைப் பார்த்தது, பிஸ்கட்டைப் பார்த்தது. முனகிக்கொண்டே திரும்பிப் போய்விட்டது.

சுகந்தி பிஸ்கட்டைப் படியிலேயே வைத்துவிட்டாள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நடுக்கம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்பும்போது, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, ஒவ்வொரு தடவையும் இந்தப் படிக்கு முன்னால் அவளுக்கு வரும் நடுக்கம் அது. என்ன, அவள் முனக மாட்டாள். படி ஏறி உள்ளே போய் உலை வைத்துவிடுவாள்.

சென்னியப்பன் கை நீட்டுகிறவர் அல்ல. அந்தப் பழி அவர்மேல் சொல்ல முடியாது. அவருக்கு இருந்தது வாய். சாம்பாரில் உப்புக் கூடினால் அவளுடைய அப்பா வரை போய்த் திரும்பும் வாய். முப்பது வருடம் அந்த வாய்க்கு எதிரில் நின்று பிழைத்ததே, தன் மனதில் இருப்பது அவருக்குத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்தான். அது தெரிந்துவிட்டால் தீர்ந்தது. "எம் பொண்டாட்டி ஒடம்புக்கு நான் வேண்டாமாமா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பரிமாறுவார். அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நாயை ஓட்டிக் காட்டுவார். மிச்சக் காலத்துக்கும் அந்தக் கொய்யா மரத்தடியில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடி மாற்றப் பல்லடம் போன மதியம், சுகந்தி காப்பை எடுத்து மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக இன்னொரு சுற்று நடந்தாள். இந்தத் தடவை புத்தியாக நடந்தாள். அவர் செய்த நல்லதை எல்லாம் நினைத்துக்கொண்டே போவது என்று ஏற்பாடு. தேள் கொட்டிய அன்று அவளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தாரே, அதை நினைத்தாள். தேளை மிதித்தது அவள் கவனக்குறைவு என்று ஆஸ்பத்திரி வரைக்கும் திட்டிக்கொண்டே ஓட்டியதும் கூடவே ஞாபகம் வந்தது. மகள் பிறந்தபோது வாங்கித் தந்த பட்டுப்புடவையை நினைத்தாள். பையன் பிறந்திருந்தால் இன்னும் நல்லதாக எடுத்திருப்பேன் என்றாரே, அதுவும் வந்தது. அவர் வீட்டில் இல்லாத நேரம்தான். நாற்காலிகூட வெறும் நாற்காலிதான். காப்பு கொய்யா மரத்தடியிலேயே அதிர ஆரம்பித்துவிட்டது.

அன்று மாலையிலிருந்து கருவாயன் கொய்யா மரத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரவில்லை. சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். தன் கையால் செய்த காரியத்துக்கு யாரை நோவது?

இரண்டு நாளில் சென்னியப்பன் கவனித்துவிட்டார். போக வேண்டாம் என்ற வீட்டுக்கு நாய் போகிறது, வர வேண்டிய வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறது. அவருக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்றுதான். சுவரருகே போய் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

"மெசினுக்கு மெசினு வெச்சுக் கெடுக்கறானுங்க! ஆம்பளையா இருந்தா நேர்ல வரோணுமுங்க!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூபதியும் வானத்துக்கே பதில் சொன்னான். "ஊட்டுல ஒரு வாய் சோறு போடத் துப்பிருந்தா நாயி ஏனுங்க அடுத்த ஊட்டுக்கு வருது? மரியாதையாப் பேசச் சொல்லுங்க."

இத்தனை பகையிலும் அந்த 'ங்க' மட்டும் இருவர் வாயிலும் கெடாமல் இருந்தது. அந்த ஊர் வாகு அப்படி.

அடுத்த நாள் காலையில் நர்மதா வந்துவிட்டாள். அவளைக் கூப்பிட வேண்டாம், பட்டையைக் கழற்றிவிட்டுச் சங்கிலியில் கட்டிப்போடலாம் என்று சுகந்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "உனக்கென்ன தெரியும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நர்மதா குச்சிகளைத் தட்டிப் பார்த்தாள், நாயின் பட்டையைக் கழற்றி மாட்டினாள், கையிலிருந்த திரையில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சுகந்தி காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு தூணருகே நின்றாள். டம்ளர் சுட்டது அவளுக்கு உறைக்கவில்லை. சுவருக்கு மேல் பூபதியின் தலை தெரிந்தது. வேடிக்கை பார்க்க ஏணி போட்டு ஏறியிருந்தான்.

"மெசின்ல ஒரு கோளாறும் இல்லீங்க சார்," என்றாள் நர்மதா. "கோடு விழுந்த எடந்தான் வேற. ரோட்டுப் பக்கம் கொஞ்சமா இருக்குது. பக்கத்து ஊட்டுப் பக்கம் சுத்தமா இல்லை. ஊட்டைச் சுத்தித்தான் கெட்டியா விழுந்திருக்குது."

"அதெப்படி அம்மிணி விழுகும்?"

"அன்னைக்கே சொன்னனுங்களே சார். நடக்கறவங்க ஒடம்பு எங்க வேண்டாங்குதோ அங்கதான் விழுகும். நடந்தவங்களுக்கு இந்த ஊட்டுக்குள்ள போறதுக்கு..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கதானுங்களே சார் நடந்தீங்க?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் மெல்லத் திரும்பிச் சுகந்தியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியது அவர் முகத்தில் படிப்படியாக ஏறுவதைச் சுகந்தி பார்த்தாள். அந்த வாய் திறக்கப் போகிறது, முப்பது வருடக் கணக்கும் இந்த முற்றத்தில் இப்போது கொட்டப் போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் சுவருக்கு மேல் தம்பியின் தலை இருந்தது. நடந்தது பொண்டாட்டி என்று சொன்னால், பொண்டாட்டிக்கே புருசன் ஆகவில்லை என்று நாளைக்கு டீக்கடை வரைக்கும் போய்விடும். தான் நடந்ததாகச் சொன்னதும் பொய் என்று ஆகும். தம்பிக்குப் பயந்து சுவரோரம் நடக்காமல் பெண்பிள்ளையை அனுப்பினான் என்றும் ஆகும். மனிதர் எல்லாப் பக்கமும் பார்த்தார். ஓட வழி இல்லை.

"நாந்தான் நடந்தேன்," என்றார். "அன்னைக்கு எனக்கு ஒடம்பு சரியில்லை."

"அப்படியும் ஆகுமுங்க சார். காய்ச்சல் இருந்தா மாறி விழுகும்," என்று நர்மதா உடனே பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அதுதான் சௌகரியம். "பழசை அழிச்சுட்டனுங்க. இப்ப நான் இருக்கும்போதே ஒருக்கா நடந்துருங்க. சரியாயிரும்."

மறுக்க முடியவில்லை. காப்பை மாட்டிக்கொண்டு சென்னியப்பன் படியிறங்கினார். விறைப்பாக, ஊர்வலம் போகிறவர் மாதிரி நடந்தார். கேட்டைத் தாண்டினார். தம்பியின் சுவரோரம் வந்ததும் பூபதி ஏணியிலிருந்து இறங்கவில்லை, இவரும் தலை நிமிரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடந்தார்கள். அவர் நடை மட்டும் அங்கே கொஞ்சம் நிதானப்பட்டது. பிறகு கொய்யா மரம். அங்கே வீட்டை நோக்கித் திரும்பியபோது, காப்பு மாட்டிய மணிக்கட்டை அவர் இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைச் சுகந்தி பார்த்தாள். படியேறும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

நர்மதா கேட்டருகே கட்டியிருந்த கருவாயனை அவிழ்த்துவிட்டாள். வா வா என்று வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள். நாய் கொய்யா மரம் வரை ஓடி வந்தது. அங்கே நின்றது. காது மடங்கியது. முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது.

நர்மதா திரையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அட, அச்சு அசலா அதே கோடுங்க சார்! ரோட்டுப் பக்கம் கொஞ்சம், பக்கத்து ஊட்டுப் பக்கம் ஒண்ணுமே இல்லை, ஊட்டைச் சுத்திக் கெட்டி. ஆளுக்கு ஆளு இது மாறுமுங்க. ஒரே ஆளு நடந்தாத்தான் இப்படி வரும். நான்கூட வேற ஆரோ நடந்துட்டாங்களோன்னு சந்தேகப்பட்டுட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. முன்னாடியும் நீங்கதான்."

சுவரைப் பார்த்தால் பூபதியின் தலையைக் காணோம். தன் பக்கம் ஒன்றுமே இல்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் சத்தம் காட்டாமல் ஏணியிலிருந்து இறங்கிவிட்டிருந்தான். திட்டுவதற்கு அவனுக்கும் ஒன்றும் அகப்படவில்லை போல.

இதை ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று நர்மதா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சென்னியப்பன் கேட் வரை போய் அவளை அனுப்பிவிட்டு, அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சுகந்திக்கு முதலில் வந்தது கோபம். தப்பித்தோம் என்ற நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவருக்கு என்ன குறை? வேளைக்குச் சோறு, துவைத்த வேட்டி, எதிர்த்து ஒரு சொல் பேசாத பெண்டாட்டி. வெறுக்கிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அதை ஒரு பொருள்போல் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தாள். இந்த மனிதரிடமும் அது இருந்திருக்கிறது. அதே அளவு, அதே இடத்தில். அப்படியானால் தங்கையோடு ஒரு வார்த்தை பேசாமல் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த வருடங்களெல்லாம் யாருக்காக? தம்பிமேல் இவருக்குப் பகைகூட இல்லையே. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு எரிந்தது.

படியிறங்கி கேட்டருகே போனாள். கருவாயனும் எழுந்து கூடவே வந்தது.

அவர் திரும்பிப் பார்க்காமலே, "அந்தப் பட்டையைக் கழட்டி உட்டுரு," என்றார். "எங்க போகோணுமோ அங்க போகட்டும்."

சுகந்தி குனிந்து பட்டையைக் கழற்றினாள். நாய் உடம்பை ஒரு உதறு உதறியது. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"நாயி மட்டுந்தானுங்களா?"

இப்போது அவர் திரும்பினார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, எதிரில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்று புரிந்துகொள்கிறவர் மாதிரி பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். பிறகு கேட்டை மறித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து ஓர் அடி தள்ளிக்கொண்டார்.

அவள் பட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே, தங்கை வீட்டுப் பக்கமாகக் கால் வைத்தாள்.

"சோறு ஆக்கியாச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டார். வேறு எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆக்கியாச்சுங்க. உள்ளதான் இருக்குது," என்றாள் சுகந்தி. "நீங்களே போய்ப் போட்டுக்கங்க."